மதுரைக்குக் கொண்டு போயிருங்க

"இங்க வச்சுப் பார்க்க முடியாது, மதுரைக்குக் கொண்டு போயிருங்க."

இராமநாதபுரம் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த வாக்கியம் காதில் விழுந்திருக்கும். அப்பாவுக்கு, மாமியாருக்கு, பிரசவத்துக்குப் போன தங்கச்சிக்கு, கடலில் அடிபட்ட பக்கத்து வீட்டுப் பையனுக்கு. சொல்கிற டாக்டர் பெரும்பாலும் கெட்டவர் இல்லை, அலட்சியக்காரரும் இல்லை. இராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நர்சம்மாவையும் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரையும் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிற இருபத்தேழு வயசுப் பிள்ளை. ரெஃபர் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, வண்டி கிளம்பும்வரை வாசலிலேயே நிற்கும். அந்தச் சீட்டு ஏன் அவ்வளவு சுலபமாக எழுதப்படுகிறது, அதைக் குறைக்க எதை முதலில் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் தூரம். தமிழ்நாட்டின் 1076 கிலோமீட்டர் கடற்கரையில் சுமார் 237 கிலோமீட்டர் இந்த ஒரு மாவட்டத்துக்குள் இருக்கிறது. வடக்கே தொண்டி, எஸ்.பி.பட்டினம், கீழே வந்தால் தேவிபட்டினம், மண்டபம், இராமேஸ்வரம் தீவைச் சுற்றிக்கொண்டு திரும்பினால் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர், நரிப்பையூர். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 13 லட்சத்து 53 ஆயிரம். ஊர்கள் எல்லாம் கரையோரமாக நீளவாக்கில் கிடக்க, ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலைகள் மட்டும் உள்ளே திரும்பி இராமநாதபுரம் டவுனில் போய்ச் சேர்கின்றன, அங்கிருந்து பரமக்குடி, மானாமதுரை வழியாக மதுரை. இராமேஸ்வரத்திலிருந்து டவுனுக்கு 55 கிலோமீட்டர் சொச்சம், டவுனிலிருந்து மதுரைக்கு இன்னும் 115 சொச்சம். சாயல்குடி, நரிப்பையூர்க்காரர்கள் தூத்துக்குடிக்கே போய்விடுகிறார்கள், தொண்டிப் பக்கத்து ஆட்களுக்குச் சிவகங்கையோ காரைக்குடியோ தோதுப்படும். மாவட்டம் ஒன்றுதான், ஆனால் நோயாளிகள் மூன்று திசையில் சிதறுகிறார்கள்.

தீவில் இருப்பவர்களுக்கு நடுவில் பாலம் வேறு. 1914-ல் ரயில் பாலம் வந்தது, ஆனால் சாலைப் பாலம் 1988-ல்தான் திறந்தார்கள். அதுவரை பாம்பனைத் தாண்டி ஒரு நோயாளியைக் கொண்டுவர ரயிலோ படகோதான் வழி. இன்றைக்கும் வண்டி போக அந்த ஒரு பாலம்தான் இருக்கிறது. லீவு நாளில் சுற்றுலாக்காரர்கள் அதன் நடுவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு நிற்கிற காட்சியை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும்.

ஆனால் தூரம் பாதிக் கதைதான். மீதிப் பாதியை என் பெரியப்பாவிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

அவர் படகுத் தச்சர். அறுபத்தொரு வயசு, கையில் உளி பிடித்தால் இருபது வயசு. ஒருநாள் இராத்திரி பத்து மணிக்கு நெஞ்சில் எரிச்சல் என்றார். வாயுத் தொந்தரவு என்று பெரியம்மா ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார், அப்புறம் ஒரு சோடா. பதினொன்றரைக்கு வியர்த்துக் கொட்ட, பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். அங்கே இருந்தவர் ஈசிஜி எடுக்கவில்லை, கேஸ் ஊசி போட்டு அனுப்பினார். வலி நிற்கவில்லை. பன்னிரண்டரைக்கு இன்னொரு ஆஸ்பத்திரி, அங்கே ஈசிஜி எடுத்த கையோடு ரெஃபர் சீட்டு. வண்டி வர நாற்பது நிமிஷம். வழியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இறக்கலாம் என்று யாரோ சொல்ல, அங்கே முன்பணம் கேட்டார்கள், ஏடிஎம் தேடி அலைந்து பணத்தைக் கட்டப் போகும்போது "இங்க ஆஞ்சியோ டாக்டர் இல்ல, மதுரைக்கே போயிருங்க" என்றார்கள். மதுரையில் ஸ்ட்ரெச்சரில் இறக்கும்போது காலை நாலரை.

உயிர் தப்பினார். ஆனால் இதயத்தின் பம்பிங் குறைந்துவிட்டது, இப்போது உளியைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. அந்த ஆறரை மணி நேரத்தை நான் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டி உண்மையில் ஓடிய நேரம் மூன்று மணி நேரம்கூட இல்லை. மற்றதெல்லாம் வீட்டில் யோசித்தது, வண்டிக்குக் காத்திருந்தது, தப்பான வாசலில் நின்றது, பணம் தேடியது.

பேறுகால மரணங்களை ஆராய்கிறவர்கள் இதை மூன்று தாமதங்களாகப் பிரிப்பார்கள்: போகலாம் என்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேர்வதில் ஒன்று, போய்ச் சேர்ந்த இடத்தில் சிகிச்சை தொடங்குவதில் ஒன்று. நாம் எப்போதும் நடுவில் இருக்கிற இரண்டாவதைப் பற்றி மட்டும் பேசுகிறோம், ஏனென்றால் அதற்கு ரோடு போடலாம், பாலம் கட்டலாம், ரிப்பன் வெட்டலாம்.

மாரடைப்பில் இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கிறது. வலி தொடங்கி பன்னிரண்டு மணி நேரம்வரை போடலாம் என்றாலும் முதல் ஓரிரண்டு மணி நேரத்தில் போட்டால் கிடைக்கிற பலன் வேறு, ஆறாவது மணி நேரத்தில் கிடைப்பது வேறு. இதற்கு ஆஞ்சியோ கூடமோ மதுரையோ தேவையில்லை. ஈசிஜியைப் படிக்கத் தெரிந்த ஒருவரும், மானிட்டரும், மின் அதிர்ச்சி கொடுக்கிற கருவியும், இந்த ஊசியை யாருக்குப் போடக் கூடாது என்கிற தெளிவும் போதும். படத்தை செல்போனில் பெரிய டாக்டருக்கு அனுப்பிக் கேட்டுக்கொண்டே போட்டுவிட்டு, அதற்கப்புறம் மதுரைக்கு அனுப்பலாம். தமிழ்நாட்டில் 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்து அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். நல்ல யோசனை, செலவும் கம்மி. ஆனால் நெஞ்சுவலிக்காரர் முதலில் அங்கே போனால்தானே? என் பெரியப்பா போகவில்லை. அந்த நேரத்துக்கு அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பினோம், உண்மையில் இருந்தார்களா என்று போய்ப் பார்க்கக்கூட இல்லை.

பிரசவத்தில் இந்த நம்பிக்கையின்மை கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது, அதைக் கவனிக்க வேண்டும். 2018–20 கணக்கில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. இதற்குப் பல காரணங்கள் உண்டு, என் கணக்கில் பெரியது இது: ஆரம்ப சுகாதார நிலையங்களை 24 மணி நேரமும் திறந்துவைத்து, மூன்று நர்ஸ்களை மாற்றி மாற்றி டியூட்டியில் போட்டார்கள். இராத்திரி எந்த நேரம் போய்க் கதவைத் தட்டினாலும் முழித்திருக்கிற ஒரு பெண் உள்ளே இருப்பாள் என்று ஊருக்குத் தெரிந்துபோனது. வலி எடுத்தால் எங்கே போவது என்று இன்றைக்கு எந்த வீட்டிலும் பட்டிமன்றம் நடப்பதில்லை. நெஞ்சுவலிக்கு, பக்கவாதத்துக்கு, கடலில் பட்ட காயத்துக்கு அந்த மாதிரி ஒரு கதவு இன்னும் பழக்கமாகவில்லை. பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதற்கும் முன்னால் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். வாய் கோணியிருக்கிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அங்கேயே முடிந்தது.

சரி, மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்தது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள், அதில் இராமநாதபுரமும் ஒன்று. 100 எம்.பி.பி.எஸ். இடங்கள். அதே வருஷம் மதுரை எய்ம்ஸின் முதல் 50 மாணவர்களும் இங்கே வந்துதான் படிக்கத் தொடங்கினார்கள். 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய கட்டிடம் தோப்பூரில் அப்போது எழும்பாமல் கிடந்ததால், மதுரைக்கென்று அறிவித்த கல்லூரி இராமநாதபுரத்தில் குடித்தனம் வந்தது. "எப்பப் பார்த்தாலும் நம்ம ஆளுங்கதான் மதுரைக்குப் போவாங்க, முதல் தடவையா மதுரை நம்ம ஊருக்கு வந்திருக்கு" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கல்லூரியால் ஆனது நிறைய. பாடம் நடத்த ஆள் வேண்டும் என்பதால் துறைகள் வரும், உதவிப் பேராசிரியர்கள் வருவார்கள். நாலரை வருஷப் படிப்பு முடிந்து ஹவுஸ் சர்ஜன்கள் வார்டில் இறங்கும்போது இராத்திரி முழித்திருக்கிற கைகள் கூடும். ஆனால் மருத்துவக் கல்லூரி என்றதும் மூளை அறுவை சிகிச்சையிலிருந்து எல்லாமே அங்கே கிடைத்துவிடும் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. எம்.பி.பி.எஸ். நடத்த அந்த உயர்சிறப்புத் துறைகள் கட்டாயமில்லை. அவை தனியாகக் கேட்டு, தனியாக ஆள் போட்டு, மெதுவாக வருபவை. அதைவிட முக்கியமாக, கல்லூரி இருப்பது டவுனில். வாலிநோக்கத்தில் மயங்கி விழுந்தவருக்கு அதற்கு முன்னால் ஒரு நிறுத்தம் வேண்டும்.

இங்கேதான் வெளியே தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கீழ் வரும். தாலுகா ஆஸ்பத்திரி மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்குநரகம். கல்லூரி ஆஸ்பத்திரி மருத்துவக் கல்வி இயக்குநரகம். ஒரே சாலையில் அறுபது கிலோமீட்டர் போகிற நோயாளி, மூன்று தலைமை அலுவலகங்களின் எல்லையைக் கடக்கிறார். ஒவ்வொரு எல்லையிலும் புதுச் சீட்டு, புது ஈசிஜி, "என்ன செய்யுது?" என்று மறுபடியும் முதலிலிருந்து. கீழே இருக்கிறவர் மேலே போன் அடித்து "இந்த மாதிரி ஒரு ஆள் வருகிறார், படுக்கையை வைங்க" என்று சொன்னாலே அரை மணி நேரம் மிச்சம். சில இடங்களில் சொல்கிறார்கள். அது அந்த டாக்டருக்கும் இந்த டாக்டருக்கும் இருக்கிற பழக்கத்தைப் பொறுத்தது, ஒரே கல்லூரியில் படித்திருந்தால் சுலபம்.

ஆம்புலன்ஸ் கணக்கும் ஒன்று உண்டு. 2008-ல் 108 சேவை வந்தபிறகு வண்டி இல்லாமல் செத்தார்கள் என்கிற பேச்சு குறைந்தது, மறுக்க முடியாது. ஆனால் கடற்கரை ஊர் ஒன்றில் நிற்கிற வண்டி ஒரு நோயாளியோடு மதுரைவரை போனால், போக இரண்டரை மணி, ஒப்படைக்க அரை மணி, திரும்பி வர இரண்டரை மணி. அந்த ஐந்தரை மணி நேரம் அந்தக் கரை வண்டியில்லாமல் கிடக்கும், அடுத்து விழுகிறவருக்கு எங்கேயோ தூரத்திலிருந்துதான் வர வேண்டும். தேவையில்லாமல் எழுதப்படுகிற ஒவ்வொரு ரெஃபர் சீட்டும் முகம் தெரியாத இன்னொருவரின் வண்டியைப் பறித்துக்கொண்டு போகிறது.

இனி கடல். சென்னையில் எழுதப்படுகிற மருத்துவத் திட்டங்கள் எதிலும் கடல் கிடையாது. வயல் இருக்கும், மலை இருக்கும், கடல் இருக்காது. இங்கே காயம் எல்லாம் கடலிலிருந்து வருகிறது. வலையைக் கையால் இழுக்கும்போது இருட்டில் திருக்கை முள் குத்தும். வலி என்றால் சாதாரண வலி இல்லை, ஆறடி ஆள் சுருண்டு விடுவார். அந்த விஷம் சூட்டில் சிதைகிற புரதம், அதனால் பொறுக்கிற அளவுக்குச் சுடுதண்ணீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரம் காலை வைத்திருந்தால் வலி கணிசமாக இறங்கும். அப்புறம் முள்ளின் துண்டு உள்ளே நிற்கிறதா என்று பார்த்து எடுத்து, டிடி என்கிற டெட்டனஸ் தடுப்பு ஊசியும் போட வேண்டும். சில மூத்த மீனவர்களுக்குச் சூடு வைக்கிற வழக்கம் தெரியும். மாவட்டத்துக்குப் புதிதாக வந்த டாக்டருக்கு அவர் படித்த கல்லூரியில் திருக்கையை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள், பாவம்.

கடல்பாம்பு இன்னும் மோசம். கடித்த இடத்தில் பெரிதாக வலி இருக்காது, வீக்கம் இருக்காது, "ஏதோ முள்" என்று விட்டுவிடுவார்கள். சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் சதைவலி, கழுத்து நிற்காது, சிறுநீர் காபி நிறத்தில் போகும். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கிற பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நாலு தரைப்பாம்புகளுக்காகத் தயாரானது. கடல்பாம்புக்கு அது வேலை செய்யாது. செயற்கை சுவாசக் கருவியும் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதும்தான் வைத்தியம். தமிழ்நாட்டில் 2024-லிருந்து பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். அந்தப் படிவத்தில் கடலில் கடித்ததையும் தனியாகக் குறித்தால், நம் கரைக்கு எத்தனை வெண்டிலேட்டர் வேண்டும் என்று கேட்க ஒரு எண்ணிக்கையாவது கிடைக்கும்.

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவர்களுக்குக் காது போவது தொழிலோடு வந்த சொத்து மாதிரி. ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்கள் கட்டி மூட்டு வலிக்கும், சில சமயம் இடுப்புக்குக் கீழே விழுந்துவிடும். அதை ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்று எழுதி அனுப்பினால், நோயாளி போக வேண்டிய இடமே மாறிவிடும். "எத்தனை பாகம் ஆழத்துக்குப் போனீங்க, எவ்வளவு நேரம் இருந்தீங்க" என்கிற இரண்டு கேள்விதான். கேட்கத் தெரிய வேண்டும்.

கடல்பாசி எடுக்கிற பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி மூச்சடக்கி முங்குகிறவர்கள். பாறை கிழித்த விரலும் பாதமும் உப்புத்தண்ணீரில் ஊறியே ஆறும், அல்லது ஆறாது. அவர்கள் விடியும் முன்னே கிளம்பி மத்தியானம் கரையேறுவார்கள். ஓபி சீட்டு கொடுப்பது காலையில். அதாவது டாக்டர் இருக்கிற நேரத்தில் அவர்கள் கடலில், அவர்கள் கரையில் இருக்கிற நேரத்தில் டாக்டர் வீட்டில். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போச்சு. அதனால் மெடிக்கலில் நின்று, "கால் வலிக்கு ரெண்டு மாத்திரை கொடுங்கண்ணே" என்று வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் முங்கப் போகிறார்கள். இந்த ஒரு விஷயத்துக்குக் கட்டிடம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் சாயங்கால ஓபி போதும்.

ஆண்களுக்கு வேறு மாதிரி. 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறது. பெரிய விஷயம்தான், என் அம்மாவுக்கே வருகிறது. ஆனால் தன்னார்வலப் பெண் கதவைத் தட்டும்போது ஆண் கடலில் இருப்பார், அல்லது இராத்திரி முழித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். அவருக்குச் சுகர் இருப்பது, வெறுங்காலோடு படகில் நின்று பட்ட சின்னக் காயம் கறுத்துப்போய் விரலை எடுக்கிற நாளில்தான் தெரிகிறது. இங்கே ஒரு வாய்ப்பு வருஷாவருஷம் வந்து போகிறது, யாரும் பயன்படுத்துவதில்லை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் அத்தனை பேரும் கரையில், வலை பின்னிக்கொண்டு, ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வலைக்கூடத்துக்கே போய் சுகர், பிரஷர், கண், காது, பாதம் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற அதே மாசத்தில் படகுக்காரரையும் பார்த்துவிட வேண்டியதுதானே.

டயாலிசிஸுக்கு வருவோம். வாரத்துக்கு இரண்டோ மூன்றோ தடவை, ஒவ்வொன்றும் நாலு மணி நேரம். தீவிலிருந்து டவுனுக்கு வந்து போனால் ஒரு முழுநாள், கூட வருகிறவருக்கும் சேர்த்து. காப்பீட்டு அட்டை சிகிச்சைக்குக் கொடுக்கும், பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்காது. ஏன் இன்னும் நாலு ஊரில் மெஷின் போடக் கூடாது என்றால், மெஷின் சுலபம், தண்ணீர்தான் கஷ்டம். ஒரு தடவை டயாலிசிஸுக்குச் சுத்திகரித்த தண்ணீர் மட்டும் சுமார் 120 லிட்டர் போகும், அதை எடுக்க அதைவிட அதிகமாகத் தண்ணீர் உள்ளே போக வேண்டும். நம் நிலத்தடி நீர் உப்பு. குடிக்கவே காவிரிக் குழாயையும் லாரியையும் எதிர்பார்க்கிற ஊரில் ஆஸ்பத்திரியின் முதல் தேவை டாக்டரா தண்ணீரா என்று கேட்டால் நான் கொஞ்சம் யோசிப்பேன். வயிற்றின் வழியாக வீட்டிலேயே செய்துகொள்கிற டயாலிசிஸ் பைகளையும் வீடு தேடிக் கொடுக்கிறார்கள். கை சுத்தம், வீட்டுச் சுத்தம் ரொம்ப முக்கியம் என்பதால் எல்லாருக்கும் ஒத்துவராது, ஆனால் தீவுக்காரர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

ஏர்வாடியைத் தொடாமல் இந்த மாவட்டத்தின் ஆஸ்பத்திரிக் கதையை எழுதுவது நேர்மையாக இருக்காது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது, காப்பகங்களை மூடினார்கள், 2017-ன் மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்தது. ஆனால் அந்தக் குடும்பங்கள் ஏன் அங்கே கொண்டுவந்து விட்டார்கள் என்கிற கேள்வி சட்டத்தால் தீராது. அவர்கள் ஊரில் மனநல டாக்டர் இல்லை, இருந்தாலும் அவரிடம் போவது வெட்கம். ஏர்வாடி தர்காவுக்குப் போவதில் வெட்கம் இல்லை, அங்கே யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் அங்கே வருவதற்கு அதுவும் ஒரு காரணம். பிரார்த்தனையை நிறுத்தச் சொல்லாமல் பக்கத்திலேயே மாத்திரையும் கொடுக்கிற முறையை ஏர்வாடியில் பிறகு கொண்டுவந்தார்கள், துஆவும் (பிரார்த்தனை) வேண்டும் தவாவும் (மருந்து) வேண்டும் என்பது அதன் சாரம். நான் பார்த்தவரை இந்த மாவட்டத்தில் மக்களின் மனசைப் படித்துவிட்டு ஆரம்பித்த ஒரே மருத்துவ ஏற்பாடு அதுதான்.

இப்போது டாக்டர் பக்கம். அரசு வேலையில் இருக்கிற யாரையும் மிரட்ட ஒரு வாக்கியம் உண்டு, "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்." அந்தக் காடு நாங்கள்தான். தண்டனையாக ஆள் அனுப்புகிற ஊருக்கு மனசோடு யார் வருவார்கள்? வருகிற இளம் டாக்டர்களில் பாதிப் பேர் மேற்படிப்புக்குப் படித்துக்கொண்டே வேலை பார்ப்பவர்கள். அரசுப் பணியில் இருக்கிறவர்களுக்கு மேற்படிப்பின் மாநில இடங்களில் பாதி ஒதுக்கீடு உண்டு, எட்டாத ஊர்களில் வேலை பார்த்தால் அதற்கு ஊக்க மதிப்பெண்ணும் உண்டு. அதனால்தான் வருகிறார்கள், அதனால்தான் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, நம் பிள்ளையாக இருந்தால் நாமும் அதைத்தான் சொல்லுவோம். ஆனால் நிபுணர்கள் தங்காததன் விளைவு இது: ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் சிசேரியன் அறையும் விளக்கும் கத்தியும் இருந்தும், மயக்க மருந்து டாக்டர் லீவு என்றால் அந்த அறை பூட்டித்தான் கிடக்கும். இரத்தம் இல்லையென்றாலும் அதே கதிதான். பிரசவத்துக்குப் பிறகு உதிரப்போக்கு நிற்கவில்லையென்றால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடும், மதுரைக்குப் போக இரண்டரை மணி.

அப்புறம் பயம். நோயாளி இறந்தால் ஐம்பது பேர் கூடி கண்ணாடியை உடைப்பார்கள். இதைத் தடுக்க 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, ஆனால் இராத்திரி இரண்டு மணிக்குச் சட்டம் வாசலில் வந்து நிற்காது. கட்டி கரைக்கிற ஊசியைப் போட்டு ஏதாவது ஆகிவிட்டால் தன் தலையில் விழும், போடாமல் ரெஃபர் எழுதினால் வழியில் என்ன ஆனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். எந்தப் பக்கம் கை போகும் என்று சொல்ல வேண்டுமா? ஊர்க்காரர்களான நாமும் சேர்ந்துதான் அந்தச் சீட்டை எழுத வைக்கிறோம்.

என்னிடம் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது கரையோரத் தாலுகா ஆஸ்பத்திரிகளில் மூன்று பேரைத் தங்க வைப்பது: பிரசவம் பார்க்கிறவர், மயக்க மருந்து கொடுக்கிறவர், நெஞ்சுவலி பார்க்கத் தெரிந்த பொது மருத்துவர். தங்க வைப்பது என்றால் உத்தரவு போடுவது இல்லை. தண்ணீர் வருகிற குவார்ட்டர்ஸ், ஒருவர் லீவில் போனால் மாற்று ஆள், பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு சுமாரான பள்ளிக்கூடம், மூன்று வருஷத்தில் எங்கே மாற்றல் என்கிற உறுதி. அதோடு இரத்தம் சேமிக்கிற ஒரு பெட்டியும், மேலே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகிற ஒரு போன் நம்பரும். இதெல்லாம் புதுக் கட்டிடத்தின் செலவில் சில்லறை. ஆனால் திறப்பு விழா வைக்க முடியாத செலவு.

போன ஆகஸ்ட் 15 கிராம சபையில் எங்கள் ஊரில் வழக்கம்போல ரோடு, தெருவிளக்கு, குடிதண்ணீர் என்று போய்க்கொண்டிருந்தது. கடைசியில், எல்லாரும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, பாசிக்குப் போகிற ஒரு அக்கா மைக் இல்லாமலே கேட்டார்: "நம்ம ஆஸ்பத்திரில இன்னைக்கு ராத்திரி எந்த டாக்டர் டூட்டின்னு வெளியில ஒரு போர்டுல எழுதிப் போடக் கூடாதா சார்? இருக்காங்களா இல்லையான்னு தெரிஞ்சா, இல்லாத அன்னைக்கு நாங்க நேரா டவுனுக்கே போயிருவோம்ல." வந்திருந்த அதிகாரி நல்ல மனுஷர், நோட்டில் குறித்துக்கொண்டார். போர்டு வந்துவிட்டது. தேதி, பெயர், நேரம் என்று மூன்று கட்டம் வரைந்திருக்கிறார்கள். நேற்று அந்தப் பக்கம் போகும்போது பார்த்தேன், தேதி மட்டும் எழுதியிருந்தது.